துர்கான் என்று ஒருத்தி இருந்ததே இல்லை

இஸ்பிர் இறந்துபோன செய்தியை ஊருக்கு அறிவித்தவன் நான்தான். அறிவித்துவிட்டு, இறந்தது யாரென்று தெரியாமல் காபி குடிக்கப் போனவனும் நான்தான்.

இருபது வருஷம் சாயங்காலம் தவறாமல் எனக்கு எதிரே உட்கார்ந்து பகடை உருட்டியவன் இஸ்பிர். ஆட்டத்தில் அவன் செய்யாத திருட்டு இல்லை. அவன் இருமினால் எந்தச் சந்தில் வருகிறான் என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவனின் சாவை என் வாயாலேயே வாசித்து, 'பாவம், யாரோ' என்று ஒரு பெருமூச்சும் விட்டுவிட்டு எழுந்து போனேன் என்றால், அது என் புத்திக் கோளாறா? இல்லை, ஒரு மனிதனை அவனுடைய ஊருக்குள்ளேயே அநாமதேயமாக்கி வைத்தவர்களின் குற்றமா? நீங்களே சொல்லுங்கள்.

நகராட்சி மாடியில் ஒரு சின்ன அறை. அதில் ஒரு மேஜை, ஒரு மைக். மின்கம்பங்களில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கர்கள் வழியாக என் குரல் ஆற்றோரத்து ஆரஞ்சுத் தோப்புகள் வரைக்கும் போகும். இன்றைக்குத் தண்ணீர் வராது, மாடு ஒன்று காணோம், குழந்தைகளுக்குத் தடுப்பூசி, இன்னார் காலமானார். இருபத்து மூன்று வருஷம் இதுதான் என் உத்தியோகம். இருபத்தைந்து முடிந்தால் பென்ஷன்.

எங்கள் ஊரில் ஆளுக்கு இரண்டு பெயர். ஒன்று அம்மா வைத்தது, அரபுப் பெயர். இன்னொன்று அரசாங்கம் அடையாள அட்டையில் வைத்தது, துருக்கிப் பெயர். முதல் பெயரால் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்போம். இரண்டாவது பெயரால் கூப்பிட்டால் பயப்படுவோம். ஊருக்கும் அதே கதிதான். சாலைப் பலகையில் யெஷில்பனார், எங்கள் வாயில் அயின் ஜவுஸ். நான் வீட்டில் முனீப், சம்பளப் பட்டியலில் துன்ஜாய்.

முன்பெல்லாம் மரண அறிவிப்பு வந்தால் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்வேன். 'இன்னார், அதாவது நம்ம இன்னார்' என்று அரபியில் ஒரு வரி சேர்ப்பேன். யாருக்கும் அதில் நஷ்டம் இல்லை. ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு மேலிடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. அறிவிப்புகள் துருக்கி மொழியில் மட்டும். அட்டையில் உள்ள பெயர் மட்டும்.

நகராட்சிச் செயலாளர் நெஜ்தெத் பே அந்தக் காகிதத்தை என் மேஜைமேல் வைத்தார். மேற்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன்.

"இனிமே அந்த 'அதாவது' வேண்டாம், துன்ஜாய்" என்றார்.

"அது இல்லேன்னா ஜனங்களுக்குப் புரியாதே ஐயா."

"செத்தவனுக்குப் புரியணுமா என்ன? கையெழுத்துப் போடு."

போட்டேன்.

அடுத்த மாசம் பட்டணத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. 'துர்முஷ் ஓஸ்குன், வயது அறுபத்திரண்டு, காலமானார். பிற்பகல் அடக்கம்.' கணீரென்று வாசித்தேன். இஸ்பிர் நெஞ்சு வலியென்று பட்டணத்துக்குப் போய் எட்டு நாள் ஆகியிருந்தது எனக்குத் தெரியும். துர்முஷ் என்பது அவன்தான் என்பது எனக்குத் தெரியாது. எனக்கு மட்டுமா? ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

மறுநாள் காலையில் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. இஸ்பிரின் மனைவி வர்தே அக்கா கதவை முட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். குள்ளமான உருவம், ஆனால் அறைக்குள் வந்தால் அறை நிறைந்துவிடும். கறுப்பு முக்காடு போட்டிருந்தாள்.

"ஏன்டா முனீபு, நேத்து காபி சூடா இருந்துதா?"

"என்னக்கா, இஸ்பிருக்கு எப்படி இருக்கு? எப்ப வந்தே?"

"அவனுக்கு நல்லா இருக்கு. இனிமே வலியே வராது." மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டாள். "நேத்து மைக்குல துர்முஷ்னு ஒருத்தனைப் போட்டு முழங்கினியே, அது யாருன்னு தெரியுமா உனக்கு?"

"யாரோ வெளியூர்..."

"வெளியூர்தான். உன் எதிர்ல உக்காந்து இருபது வருஷமா உன்னை ஆட்டத்துல ஏமாத்தின வெளியூர்."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"வேன்ல கொண்டாந்து இறக்கினேன். ஒரு மணி நேரம் காத்திருந்தேன். ஸ்பீக்கர்ல சொல்லிட்டாங்க, ஊரே வந்துரும்னு வாசல்ல காபிப் பாத்திரத்தை ஏத்தி வெச்சேன். ஒரு நாய் வரலை. தொழுகை வைக்கிற ஷேக் ஒருத்தர், வேன் டிரைவர் ஒருத்தன், கால் ஊனமான என் அண்ணன் ஒருத்தன். மூணு தோள். நாலாவது தோள் யாரு தெரியுமா?" தன் வலது தோளைத் தட்டிக் காட்டினாள். "பொம்பளை பாடை தூக்குறது நம்ம வழக்கத்துல உண்டா? ஷேக் கண்ணை மூடிக்கிட்டாரு. மூடினபடியே நடந்தாரு. ரெண்டு தடவை இடறி விழப் பார்த்தாரு."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"அழறதை அப்புறம் வெச்சுக்க. இப்ப ஒண்ணு சொல்லு. நான் செத்தா என்னை என்னன்னு வாசிப்பே?"

"அக்கா, அந்தப் பேச்செல்லாம் எதுக்கு..."

"துர்கான் ஓஸ்குன்னு வாசிப்பே. துர்கான்னு ஒருத்தி இருந்ததே இல்லடா. அவ பொறக்கலை, கல்யாணம் பண்ணலை, பிள்ளை பெக்கலை. அப்படிப்பட்டவ எப்படிச் சாவா? நான் செத்தா, வர்தே செத்தான்னு ஊருக்குச் சொல்லணும். என் ஜனம் என்னைத் தூக்கணும். சொல்லுவியா, மாட்டியா?"

"சொல்றேன்க்கா."

துக்கத்தில் நிற்கிற ஒருத்தியைச் சமாதானப்படுத்தச் சொல்கிற சொல்லாகத்தான் அதைச் சொன்னேன். உண்மையை ஏன் மறைக்க வேண்டும்? அந்த நிமிஷம் என் மனசுக்குள் ஓடியது பென்ஷன்தான். அவள் என் முகத்தை ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தப் பெயர் அவளுக்கு வந்த கதையைக் கேளுங்கள். இந்தப் பிரதேசம் சிரியாவை விட்டுத் துருக்கியோடு சேர்ந்தபோது அவளுக்கு ஒன்பது வயசு. பெயர் பதிய வந்த அதிகாரி, வரிசையில் நின்ற அவள் அப்பாவிடம் "பெண் பேரென்ன?" என்றார். "வர்தே" என்றார் அப்பா. ரோஜா என்று அர்த்தம். அதிகாரி முகத்தைச் சுளித்துவிட்டு, துர்கான் என்று எழுதினாராம். அது அவருடைய மனைவி பெயராம்! உபகாரம் செய்கிற நினைப்பில் சிரித்துக்கொண்டே எழுதினாராம். ஒரு குழந்தையின் பெயரை, காலில் ஒட்டிய சேற்றைத் தட்டுவதுபோலத் தட்டிவிட்டுத் தன் வீட்டுப் பெயரை மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறு வருஷமே துறைமுகப் பட்டணத்தில் ஒரு துருக்கி அதிகாரி வீட்டுக்கு வேலைக்குப் போனாள். ஆறு வருஷம். பாத்திரம் தேய்த்துக்கொண்டே துருக்கி மொழி கற்றுக்கொண்டாள். ஒரு சொல் தப்பாகச் சொன்னால் தலையில் ஒரு கரண்டி அடி. "எனக்குத் துருக்கி நல்லாவே வரும். மண்டையில அடிச்சு இறக்கினது" என்று சிரிப்பாள்.

அந்த மொழிதான் பின்னால் எங்கள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் உயிர் காத்தது. எப்படியென்று சொல்கிறேன்.

எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தரை துடைக்கிற வேலை. டாக்டர்கள் மேற்கேயிருந்து வருவார்கள், இரண்டு வருஷத்தில் போய்விடுவார்கள். ஒருவருக்கும் அரபி தெரியாது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத எங்கள் பெண்களுக்குத் துருக்கி தெரியாது. எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்பார், இவர்கள் சுவரைப் பார்ப்பார்கள். வர்தே துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நடுவில் நிற்பாள். அவ்வளவுதான், இரண்டு பக்கமும் வாய் திறக்கும்.

ஒரு தடவை ஒரு கிழவி விலாவைத் தட்டிக் காட்டி, "என் ஈரல் கருகிப்போச்சு" என்று டாக்டரிடம் அழுதாள். மனசு நொந்தால் எங்களில் சாதாரணமாகச் சொல்கிற பேச்சு. டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஈரலுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள் வர்தே. "இவ மகன் சவூதிக்கு லாரி ஓட்டப் போனான். ஆறு மாசமா ஒரு வரி இல்ல. தூங்குறதுக்கு மாத்திரை குடுங்க. கடுதாசிக்கு நான் பார்த்துக்கறேன்."

எங்கள் ஆண்பிள்ளைகள் பாதிப்பேர் சவூதியில்தான். வர்தேயின் ஒரே மகனும் அங்கேதான் டிரைவர். அரபி பேசத் தெரியும் என்பதால் கிடைத்த வேலை. இந்த அநியாயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்! எல்லைக்கு அந்தப் பக்கம் சோறு போடுகிற மொழி, இந்தப் பக்கம் வாய்க்குள் ஒளித்துவைக்க வேண்டிய குற்றம். மகன் அனுப்புகிற பணத்தை எடுத்துக்கொள்வார்கள், அதைச் சம்பாதித்த நாக்கை மட்டும் அறுப்பார்கள்.

ராணுவ ஆட்சியில் புதுசாக ஒரு தலைமை டாக்டர் வந்தார். முதல் நாளே வாசலில் பலகை மாட்டினார்: 'இங்கே துருக்கி மொழி மட்டும் பேசவும்.' வர்தேயைக் கூப்பிட்டுத் தனியாகவும் சொன்னார். "உன் வேலை தரை. அதைப் பார்."

அவள் தரையைத்தான் பார்த்தாள். ஆனால் டாக்டரின் முதுகுக்குப் பின்னால், நோயாளி கண்ணில் படுகிறபடி நின்று, தன் உடம்பிலேயே தொட்டுக் கேட்பாள். வயிற்றைத் தொடுவாள், இடுப்பைத் தொடுவாள், விரலை மடக்கி எத்தனை நாள் என்று கேட்பாள். நோயாளி தலையாட்டினால், துருக்கியில் சத்தமாக, "டாக்டர் ஐயா, இந்தம்மா மூஞ்சியைப் பார்த்தா மூணு நாளா வயித்தால போற மாதிரி எனக்குத் தோணுது" என்பாள்.

"நீ என்ன ஜோசியக்காரியா?" என்று டாக்டர் கத்துவார்.

"தரை துடைக்கிறவளுக்கு எல்லாம் தெரியும் ஐயா. கடைசியில எல்லாம் தரைக்குத்தானே வருது."

இப்படி ஒரு வருஷம் ஓட்டினாள். அப்புறம்தான் ஹஸ்னா வந்தாள். வர்தேயின் பக்கத்து வீட்டுக்காரி, ஆரஞ்சுத் தோப்பில் கூலி வேலை செய்கிறவள், நாற்பது வயசு. காய்ச்சலில் தள்ளாடிக்கொண்டு வந்திருந்தாள். டாக்டர் ஊசியை எடுத்தார். ஹஸ்னா பதறிப்போய், "அந்த ஊசி வேண்டாம், முன்னே ஒரு தடவை போட்டுச் சாகக் கிடந்தேன்" என்றாள். அரபியில்தான் சொன்னாள், வேறு எதில் சொல்லுவாள்? ஒரு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை கையைக் கூப்பிச் சொன்னாள். மூன்றாவது தடவை அலறினாள்.

"ஊசிக்குப் பயப்படுறா. பிடிங்க அவளை" என்றார் டாக்டர். இரண்டு பேர் பிடித்தார்கள்.

வர்தே அப்போது கூடத்தின் கோடியில் வாளியோடு நின்றாள். வாளியைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஓடிவந்து டாக்டரின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதேடி, நான் இருக்கேன்" என்று ஹஸ்னாவிடம் அரபியில் கத்தினாள். பிறகு துருக்கியில், "இந்த ஊசி இவளுக்கு ஆகாது. போட்டா செத்துடுவா. மூணு தடவை சொல்லிட்டா. உங்களுக்குக் காது இருக்கா, இல்லையா?" என்றாள்.

ஹஸ்னா பிழைத்தாள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து, அந்த மருந்து அவளுக்கு விஷம்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். வர்தேக்கு என்ன கிடைத்தது? பதக்கமா? பதினேழு வருஷ வேலையிலிருந்து நீக்கம். உத்தரவில் காரணம் எழுதியிருந்தது. அவள் அந்தக் காகிதத்தை என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. வாசி. மைக்ல வாசிக்கிற மாதிரி கணீர்னு வாசி."

வாசித்தேன். "பணியிடத்தில் புரியாத மொழியில் சத்தம் போட்டதற்காக."

"சத்தமா? நான் பேசினது சத்தமா?"

"அப்படித்தான் எழுதியிருக்கான்க்கா."

"நாய் குலைச்சா சத்தம். தகரம் விழுந்தா சத்தம். ஒரு உயிர் போகாம நான் தடுத்தது சத்தமா முனீபு?" அன்றைக்குத்தான் அவள் அழுது பார்த்தேன். புருஷனைத் தன் தோளில் தூக்கிப் புதைத்தபோதும் அழாதவள், அந்த ஒரு சொல்லுக்கு அழுதாள்.

அதன் பிறகு எட்டு மாசம். அடுத்த ஆரஞ்சு அறுவடையின்போது, ஒரு காலை வேளையில் ஹஸ்னா நகராட்சிக்கு மூச்சிரைக்க ஓடிவந்தாள். தோப்புக்குக் கிளம்பியவள், வர்தேக்கு ரொட்டி கொடுக்கப் போயிருக்கிறாள். அடுப்படியில் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்து கிடந்தாளாம். உடம்பு இன்னும் முழுசாகக் குளிரவில்லையாம்.

"சொல்லுண்ணே, ஊருக்குச் சொல்லு. எல்லாரும் தோப்புல இருக்காங்க. மகன் வர நாலு நாளாகும், ஷேக் காத்திருக்க முடியாதுன்னுட்டாரு. தூக்க ஆள் வேணும்" என்றாள் ஹஸ்னா.

அதற்குள் நெஜ்தெத் பே சீட்டை எழுதிக் கொண்டுவந்துவிட்டார். துர்கான் ஓஸ்குன், வயது ஐம்பத்து நாலு. பிற்பகல் அடக்கம். "அப்படியே வாசி" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார்.

நான் அப்படியே வாசித்தேன். ஆமாம், வாசித்தேன்! கொடுத்த வாக்கு தொண்டையில் நின்றது, பென்ஷனுக்குப் பாக்கி இருந்த மாசங்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. வாசித்து முடித்து மைக்கை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனேன்.

சதுக்கம் அப்படியே இருந்தது. மளிகைக்காரர் ஸ்பீக்கரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். உதடு அசைந்தது. 'யாரோ, பாவம்' என்றுதான் அசைந்தது, எனக்கு அந்த அசைவு தெரியும். திரும்பவும் பருப்பை நிறுக்கப் போனார். காபிக்கடையில் ஒரு நாற்காலி நகரவில்லை. தோப்புப் பக்கமிருந்து ஒரு தலை வரவில்லை.

கீழே சதுக்கத்தின் நடுவில் ஹஸ்னா மட்டும் நின்றாள். துருக்கியில் நான் என்ன சொன்னேன் என்று அவளுக்குப் புரியாது. ஆனால் ஊர் அசையவில்லை என்பது தெரிந்துவிட்டது. தலையை நிமிர்த்தி என் ஜன்னலைப் பார்த்தாள். உள்ளங்கையை மேலே திருப்பிக் காட்டினாள். 'என்ன ஆச்சு?'

காபி சூடா இருந்துதா என்று யாரோ என் காதுக்குள் கேட்டார்கள்.

திரும்பி வந்து மைக்கைப் போட்டேன். இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என் சொந்தக் குரலில், முழுக்க எங்கள் மொழியிலேயே பேசினேன்.

"அயின் ஜவுஸ் ஜனங்களே! முனீப் பேசறேன். வர்தே போயிட்டா. இஸ்பிரோட வர்தே. ஆஸ்பத்திரி வர்தே. உங்க வலியையெல்லாம் தன் வாயால சொன்ன வர்தே. இஸ்பிரை மூணு ஆம்பளையும் இவளும்தான் தூக்கினாங்க, அந்தப் பாவம் போதும். கூடையைக் கீழ வெச்சுட்டு வாங்க. வர்தே செத்துட்டா. வர்தே!"

நெஜ்தெத் பே ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார். பிடுங்கி என்ன பிரயோஜனம்? ஜன்னல் வழியே பாருங்கள் ஐயா, பாருங்கள்! மளிகைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். காபிக்கடை காலியாகிவிட்டது. ஆற்றங்கரைப் பாதையில் தலை தலையாக வந்தார்கள். முதலில் வந்தது பெண்கள். ஆரஞ்சுச் சாறு ஒட்டிய கையோடு, இடுப்பில் கத்தரிக்கோலோடு வந்தார்கள். ஒருத்தியின் குறைப்பிரசவம், ஒருத்தியின் மார்புக் கட்டி, ஒருத்தி புருஷனிடம் வாங்கிய அடி, இவையெல்லாம் வர்தே ஒருத்தி வாய் வழியாக மட்டுமே வெளியே போயிருந்தன. அத்தனையும் அன்றைக்கு அழுகையாக வந்து சேர்ந்தன.

பெட்டி தூக்க நாலு தோள் தேவை. நானூறு தோள் இருந்தது. வாசனைத் தழை ஒடித்துக்கொண்டு வந்தவர்கள் பெட்டிமேல் போட்டுப் போட்டு, மரமே தெரியவில்லை.

சதுக்கத்தில் காவல்படை சார்ஜன்ட் மறித்தார். இளம் வயசு. இவ்வளவு கூட்டத்தைப் பார்த்து மிரண்டிருந்தார்.

"என்ன கூட்டம் இது? யார் செத்தது? காகிதத்துல துர்கான்னு இருக்கு, நீங்க வேற ஏதோ பேரைச் சொல்லி அழறீங்க?"

ஹஸ்னா முன்னால் வந்து நின்றாள். அவள் தலை அவருடைய மார்புப் பொத்தான் உயரம். "ஊசிக்கும் எனக்கும் நடுவுல நின்னவ இவ. இன்னிக்கு நான் மூச்சு விடறது இவ போட்ட பிச்சை. வழிய விடு மகனே" என்றாள். அரபியில்.

"என்ன சொல்றா இவ?" சார்ஜன்ட் ஆண்கள் பக்கம் திரும்பினார். துருக்கி தெரிந்தவர்கள் ஐம்பது பேராவது அங்கே இருந்தோம். ஒருவர் வாய் திறக்கவில்லை. "யாராவது சொல்லுங்களேன்! என்ன சொல்றா?"

நான் சொன்னேன். "அதை உங்களுக்கு எடுத்துச் சொல்றதுக்கு இந்த ஊர்ல ஒருத்திதான் இருந்தா, சார்ஜன்ட். அவளைத்தான் தூக்கிட்டுப் போறோம்."

அவர் ஒதுங்கி நின்றார். நாங்கள் போனோம்.

துக்கத்துக்குக் கோதுமையும் இறைச்சியும் போட்டு ஹரீசா கிண்டி ஊருக்குப் பரிமாறிய பிறகு விசாரணை தொடங்கியது. சட்டவிரோதமாக ஒலிபெருக்கியில் பேசினேன் என்று வழக்கு. ஆனால் ஒரு சிக்கல். நான் என்ன பேசினேன் என்று எழுத வேண்டுமே? அதைப் புரிந்துகொண்ட சாட்சி ஒருவர் வேண்டும். சார்ஜன்ட் மூன்று நாள் ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டார்.

காபிக்கடைக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அரபியா? அது கூடாத மொழியாச்சே சார்ஜன்ட். நாங்க சட்டத்துக்குப் பயந்தவங்க. நமக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப எதுக்குக் கடையைப் போட்டுட்டு ஓடினே?"

"எல்லாரும் ஓடினாங்க, நானும் ஓடினேன். தீப்பிடிச்சிருக்கும்னு நெனச்சேன்."

மளிகைக்காரருக்குக் காது கேட்கவில்லையாம். ஹஸ்னாவை ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். அரபி தெரியுமா என்று துருக்கியில் கேட்டால், துருக்கி தெரியாது என்று அரபியில் சொன்னாள். அதை எழுதிக்கொள்ள எழுத்தருக்கு வழி தெரியவில்லை.

கடைசியில் நெஜ்தெத் பே என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சார்ஜன்ட்டும் இருந்தார். மேஜைமேல் ஒரு காகிதம்.

"உனக்கு நல்லது செய்யத்தான் பார்க்கிறேன், துன்ஜாய்" என்றார் நெஜ்தெத் பே. "சாட்சி இல்ல. நீ ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. வேலையும் நிலைக்கும், பென்ஷனும் நிலைக்கும். படிச்சுப் பார்."

படித்தேன். 'அன்று காலை பத்தேகாலுக்குக் கருவிக் கோளாறினால் ஒலிபெருக்கியில் புரியாத சத்தம் எழுந்தது.'

புரியாத சத்தம்.

அவளை வேலையிலிருந்து துரத்திய அதே சொற்கள். உயிரோடு இருந்தபோது அவள் பேச்சு சத்தம். செத்த பிறகு அவள் பெயரும் சத்தம். இனி என்றைக்காவது யாராவது அந்தக் கோப்பைப் பிரித்தால், வர்தே என்கிற மனுஷி ஒரு மைக் கோளாறு! பேனாவை எடுத்தேன். நெஜ்தெத் பே நிம்மதியாக மூச்சு விட்டார்.

அந்த வரியை அடித்தேன். கீழே எழுதினேன்: 'அது சத்தம் இல்லை. ஒரு பெண்ணின் பெயர். வர்தே. தெரிந்தே சொன்னேன்.' எங்கள் மொழியை எழுத எங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அவர்களுடைய எழுத்தில்தான் எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

நெஜ்தெத் பே வாங்கிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியே. இது யார் கையெழுத்து? முனீபா? முனீப்னு இங்க யாரும் வேலை செய்யலையே?"

"ஆமாங்க ஐயா, இனிமே செய்யப்போறதில்லை" என்றேன்.

பதினோராம் நாள் வேலை போயிற்று. பென்ஷன் இல்லை. இப்போது மச்சான் தோப்பில் ஆரஞ்சுப் பெட்டிக்கு ஆணி அடிக்கிறேன். மைக்கில் வேறொருவர் வாசிக்கிறார், வெளியூர்க்காரர், அழகான உச்சரிப்பு. அவர் யார் பெயரையாவது வாசித்து முடித்ததும், தோப்பில் எல்லோரும் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். "முனீபு, யாரு அது?"

எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? அதனால் அவர்களே ஒரு வழி பண்ணிவிட்டார்கள். வேலை முடிந்து போகிறபோது ஆளாளுக்கு என்னிடம் வந்து நின்று இரண்டு பெயரையும் சொல்லிவிட்டுப் போகிறார்கள், நான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். அட்டையில் இன்னது, அம்மா வைத்தது இன்னது. மூன்று கிழவர்கள் சொல்லியாகிவிட்டது. காபிக்கடைக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

நேற்று ஹஸ்னா வந்தாள். "எழுதிக்க வேண்டாம்ணே, மனசுல வெச்சுக்க. நான் ஹஸ்னா."

"அது தெரியும்மா. அட்டையில என்ன பேரு?"

யோசித்தாள். கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு வானத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"ஞாபகம் இல்லண்ணே. வீட்டுல அட்டை இருக்கு. நாளைக்கு எடுத்துட்டு வரேன், நீயே படிச்சுச் சொல்லு."